வெறும் வாயை மெல்லும் அம்மாள்! நோயா? மருந்தா? கணக்கெடுத்த டாக்டர்கள்

"வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது போல" என்று ஒரு பழமொழி உண்டு. வம்பு பேசுகிறவர்களைக் கேலி செய்வதற்காகச் சொல்வது அது.

ஆனால் உண்மையிலேயே வெறும் வாயை மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வம்பு பேசுவது இல்லை. பலருக்குத் தங்கள் வாய் அசைவதே தெரியாது!

மனநோய் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் காத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். ஓர் அம்மாள் பெஞ்சில் இருப்பாள். வயது 60 இருக்கும். வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தாடை மென்றுகொண்டே இருக்கும். உதடு குவியும், விரியும். திடீர் என்று நாக்கு வெளியே வந்து, வந்த வேகத்தில் உள்ளே போகும். அடுத்த பெஞ்சில் ஒரு வாலிபன். கை இலேசாக நடுங்கும். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பொம்மை போல இருக்கும். இன்னொருவர் உட்காருவார், எழுந்திருப்பார், நாலு அடி நடப்பார், மறுபடி உட்காருவார். அவருக்கு இருப்புக் கொள்ளாது.

இவர்கள் எல்லாம் ஏன் இப்படி இருக்கிறார்கள்? நோயினாலா? நோய்க்குச் சாப்பிடும் மருந்தினாலா? அல்லது வயது ஆனதாலா?

சும்மா பொழுதுபோக்காகக் கேட்கும் கேள்வி அல்ல இது. "மருந்தினால்தான் அம்மாவுக்கு வாய் இழுக்கிறது" என்று மகன் நினைத்துவிட்டால் என்ன செய்வான்? மாத்திரையை நிறுத்திவிடுவான். சில வாரங்களிலோ, சில மாதங்களிலோ பழைய நோய் திரும்பி வரும். அம்மாள் இரவெல்லாம் தூங்காமல், காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி, வீட்டை விட்டு ஓடுவாள். "நோய்தான் காரணம்" என்று டாக்டர் நினைத்துவிட்டால்? மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். காரணம் மருந்தாக இருந்தால், வினை வளரும்.

ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டி வந்தது. எத்தனை பேருக்கு இந்த அசைவு இருக்கிறது? மருந்து சாப்பிட்டவர்களில் எத்தனை? சாப்பிடாதவர்களில் எத்தனை?

கேட்பதற்குச் சுலபம். எண்ணப் போன டாக்டர்கள் பட்ட பாடு பெரும் பாடு!

பாரீசில் பிறந்த மருந்து

1950-ம் ஆண்டு டிசம்பர் மாதம், பிரான்சு நாட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் "குளோர்புரோமசின்" என்ற மருந்து தயாரானது. 1952-ல் பாரீசு நகரத்தின் செயின்ட் ஆன் ஆஸ்பத்திரியில் டெலே, டெனிக்கர் என்ற இரண்டு டாக்டர்கள் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அதற்கு முன்பு மனச்சிதைவு நோய்க்கு மருந்து என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கத்தினால் கட்டிப் போடுவார்கள். குளிர்ந்த நீரில் உட்கார வைப்பார்கள். மின்சார அதிர்ச்சி கொடுப்பார்கள். சில நாடுகளில் மூளையில் ஆபரேஷன் செய்து, ஆளையே மரக்கட்டை ஆக்கிய கொடுமையும் நடந்தது.

புது மருந்து கொடுத்ததும் கூச்சல் அடங்கியது. பல ஆண்டுகள் பூட்டிய அறைக்குள் கிடந்தவர்கள் வெளியே வந்து பேசினார்கள். சிலர் வீட்டுக்கே போனார்கள். உலகம் முழுவதும் அந்த மருந்து பரவியது.

நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரும் அந்தச் சமயத்தில்தான் வெளிநாடுகளில் பெயர் பெற்றது. அந்த வேரை நம் வைத்தியர்கள் வெகு காலமாகப் பித்தத்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்து வந்தார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அந்த வேரில் இருந்து "ரெசர்பின்" என்ற சத்தைப் பிரித்து எடுத்தார்கள். அதுவும் மனநோய்க்கு மருந்து ஆனது.

ஆனால் இரண்டு மருந்துகளிலும் ஒரு விசித்திரம்! சாப்பிட்டவர்களில் பலருக்குக் கை நடுங்கியது. நடை தளர்ந்தது. உடம்பு விறைத்தது. லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் எழுதி வைத்த நடுக்குவாதம் போலவே இருந்தது.

(அந்தப் பார்க்கின்சன் கணக்கெடுத்த விதமும் சுவையானது. அவர் எழுதியது மொத்தம் 6 பேரைப் பற்றி. அந்த 6 பேரில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே அல்ல. தெருவில் போகும்போது நடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு விசாரித்தவர்கள்! 200 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நோய் அவர் பெயரில்தான் இருக்கிறது.)

நடுக்கத்தைக் கண்டு டாக்டர்கள் முதலில் பயப்படவில்லை. "கை நடுங்கினால்தான் மருந்து வேலை செய்கிறது" என்று நினைத்த டாக்டர்கள்கூட உண்டு! மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் நடுக்கமும் குறைந்தது.

மடை அடைத்தால்...

நடுக்கம் வருவது ஏன்?

நமது மூளையில் "டோபமின்" என்று ஒரு பொருள் இருக்கிறது. கை கால் சீராக அசைவதற்கு அது வேண்டும். சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் 1957-ல் முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார். முயல்கள் காது தொங்க, அசையாமல் படுத்துவிட்டன. டோபமினாக மாறக்கூடிய "எல்-டோபா" என்ற பொருளைப் பிறகு கொடுத்தார். முயல்கள் எழுந்து நடமாடின! டோபமினைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2000-ம் ஆண்டில் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அந்த எல்-டோபா நமது பூனைக்காலி விதையில் இருக்கிறது. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் அதைப் பூனைக்காலி விதையில் இருந்து பிரித்து எடுத்தார்கள். நடுக்குவாதத்துக்கு அது மருந்து ஆகும் என்பது அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மனநோய் மருந்து என்ன செய்கிறது? வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வயலுக்குப் போகும் மடையை அடைத்துவிடுகிறது. டோபமின் இருக்கும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அதனால் வீண் பயமும், காதில் கேட்கும் குரலும் அடங்குகின்றன. அதோடு கை கால் அசைவும் தடைப்படுகிறது. ஒரே வாய்க்கால், இரண்டு வயல்!

தாமதமாக வந்த வினை

சில ஆண்டுகள் கழித்து இன்னொன்று தெரிந்தது.

1957-ல் ஜெர்மனியில் ஒரு டாக்டர், மருந்து சாப்பிட்ட சிலருக்கு வாயும் உதடும் தாமாக அசைவதாக எழுதினார். அடுத்து பிரான்சில் இருந்து அதே செய்தி வந்தது. 1964-ல் டென்மார்க் டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: "டார்டிவ் டிஸ்கைனீசியா". "தாமதமாக வரும் தப்பான அசைவு" என்று பொருள்.

பெயருக்கு ஏற்ற வினை அது. மருந்து தொடங்கிய வாரத்தில் வராது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட பிறகு வரும். நடுக்கம் போல மருந்தை நிறுத்தியதும் போய்விடாது. சிலருக்கு, நிறுத்தியதும் அசைவு அதிகம் ஆகும்! சிலருக்குப் போகவே போகாது.

டாக்டர்கள் சொல்லும் விளக்கம் இது: வெகு காலம் மடை அடைபட்ட வயல், தண்ணீருக்கு ஏங்கிப் போகிறது. பிறகு ஒரு சொட்டு வந்தாலும் வெள்ளம் வந்தது போலத் துள்ளுகிறது. மூளையும் அப்படியே துள்ளுகிறது. வாயும் நாக்கும் ஆடுகின்றன. இந்த விளக்கம் முழுவதும் நிரூபணம் ஆகிவிடவில்லை; ஆனாலும் பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இதுதான்.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. அசைவை உண்டாக்கிய அதே மருந்தை அதிகமாகக் கொடுத்தால் அசைவு அடங்கிவிடும். மூடி மறைக்கிறதே தவிர, குணம் ஆக்குவது இல்லை.

"நாக்கை நீட்டுங்க அம்மா!"

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எப்படி எண்ணுவது?

இரத்தத்தைச் சோதித்தால் தெரியாது. எக்ஸ்ரே படத்தில் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு டாக்டர் "இருக்கிறது" என்பார். அடுத்தவர் "இல்லை" என்பார். இந்தச் சண்டையைத் தீர்க்க 1976-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை முறை வெளிவந்தது. செலவு ஒன்றும் கிடையாது. கை இல்லாத கெட்டி நாற்காலி ஒன்று, பத்து நிமிட நேரம். இவ்வளவுதான்!

சோதனை காத்திருக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நோயாளி நினைக்கும்போது டாக்டர் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே வந்ததும் முதல் கேள்வி: "வாயில் ஏதாவது இருக்கிறதா?" அமெரிக்காவில் சூயிங்கம். நம் ஊரில் என்றால் வெற்றிலைப் பாக்கு! இருந்தால் துப்பிவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் பாக்கு மெல்லுவது எல்லாம் நோய்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: "பல் எப்படி இருக்கிறது? கட்டிய பல்லா?" சரியாகப் பொருந்தாத பொய்ப்பல் இருந்தாலும் தாடை தானாக அசையும்.

பிறகு நாற்காலியில் உட்கார வேண்டும். கை முழங்காலில். பாதம் தரையில்.

"வாயைத் திறங்க அம்மா."

திறந்த வாய்க்குள் நாக்கு சும்மா கிடக்கிறதா, புழுப்போல நெளிகிறதா என்று பார்ப்பார்.

"நாக்கை நீட்டுங்க. அப்படியே வைத்திருங்க."

சிலரால் முடியாது. நீட்டிய நாக்கு ஓடி ஒளியும்.

"கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடுங்க."

இதுதான் சூட்சுமம்! விரல்களை எண்ணித் தொடும்போது நோயாளியின் கவனம் முழுவதும் கையில் இருக்கும். டாக்டர் பார்ப்பதோ முகத்தை. அதுவரை அடக்கி வைத்திருந்த வாய், கவனம் போனதும் ஆடத் தொடங்கும்.

கடைசியில் எழுந்து நின்று, கையை முன்னால் நீட்டி, நாலு அடி நடந்து திரும்ப வேண்டும்.

முகம், உதடு, தாடை, நாக்கு, கை, கால், இடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. அசைவே இல்லை என்றால் 0. மிகக் கடுமை என்றால் 4. பள்ளிக்கூடத்தில் மார்க் கூடினால் நல்லது. இங்கே கூடினால் ஆபத்து.

1982-ல் இன்னொரு விதியும் வந்தது. உடம்பில் இரண்டு இடங்களில் இலேசான அசைவு, அல்லது ஓர் இடத்தில் நடுத்தரமான அசைவு இருந்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். மருந்தும் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட்டிருக்க வேண்டும்.

ஒரே வினை, நூறு கணக்கு!

இவ்வளவு ஏற்பாடு செய்தும் கணக்கு ஒத்து வந்ததா? இல்லை!

1959 முதல் 1979 வரை பல நாடுகளில் எடுத்த கணக்குகளை இரண்டு அமெரிக்க டாக்டர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 56 கணக்குகள். ஒன்றில் 200 பேருக்கு ஒருவர் என்று இருந்தது. இன்னொன்றில் 100-க்கு 65 பேர்! எல்லாவற்றையும் சராசரி போட்டபோது, மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 20 பேர் என்று வந்தது. சாப்பிடாதவர்களில் 100-க்கு 5 பேர்.

ஏன் இத்தனை வித்தியாசம்? எண்ணியவர்கள் மேல் குற்றம் இல்லை. யாரை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது அது.

20 ஆண்டுகளாக ஆஸ்பத்திரியிலேயே கிடக்கும் கிழவர்களை எண்ணினால் கணக்குக் கூடும். வயது ஏற ஏற இந்த அசைவு அதிகம். கிளினிக்குக்கு வந்து மாத்திரை வாங்கிப் போகும் வாலிபர்களை எண்ணினால் குறையும். கிளினிக் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வருகிறவர்களைத்தானே எண்ண முடியும்? வாய் இழுப்பதற்கு வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

நேரமும் காலமும்கூட வித்தியாசம் செய்யும். மனம் படபடத்தால் அசைவு கூடும். தூங்கும்போது நின்றுவிடும். திங்கட்கிழமை பார்த்தபோது 3 மார்க் வாங்கிய அம்மாள், அடுத்த வாரம் 1 மார்க் வாங்குவாள். ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டுவது சரி அல்ல.

மருந்தே சாப்பிடாதவர்கள் எங்கே?

நோயா, மருந்தா என்ற கேள்விக்கு விடை வேண்டும் என்றால் ஒரே வழிதான் உண்டு. நோய் இருக்க வேண்டும். ஆனால் மருந்து ஒரு நாளும் சாப்பிட்டிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சோதிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஷென்லி ஆஸ்பத்திரியில் 411 நோயாளிகளைச் சோதித்தார்கள். அவர்களில் 47 பேர் ஏதோ காரணத்தால் மருந்தே சாப்பிடாதவர்கள். அந்த 47 பேரிலும் பலருக்கு அசைவு இருந்தது! 1982-ல் இந்தச் செய்தி வெளியானதும் டாக்டர்கள் திகைத்தார்கள். "அப்படியானால் மருந்தின்மேல் நாம் போட்டது வீண் பழியா?"

யோசித்துப் பார்த்தால் திகைக்க ஒன்றும் இல்லை. மருந்து பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஜெர்மன் டாக்டர் கிரெப்பலின் தமது நோயாளிகளின் முகத்தில் இப்படிப்பட்ட அசைவுகளைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். மருந்து வந்த பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஸ்காட்லாந்து நாட்டில் டம்பிரீஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே டாக்டர் ராபின் மெக்கிரீடி என்பவருக்கு இந்த விஷயத்தில் தீராத ஆசை. ஆனால் அவருடைய நாட்டில் மருந்து சாப்பிடாத முதிய மனநோயாளிகள் கிடைப்பது குதிரைக்கொம்பு ஆகிவிட்டது. எல்லோரும் மருந்து சாப்பிட்டவர்கள்.

அப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள்? தமிழ்நாட்டில்!

நமக்குப் பெருமை தரும் பதில் அல்ல இது. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல், வீட்டுத் திண்ணையிலோ, கொட்டகை ஓரத்திலோ 20, 30 ஆண்டுகளைக் கழித்துவிட்ட நோயாளிகள் நம் ஊர்களில் இருந்தார்கள். குடும்பத்தார் சோறு போட்டார்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். மருந்து மட்டும் கிடைக்கவில்லை. நாம் பட்ட குறையே உலக ஆராய்ச்சிக்கு உதவியது!

சென்னையில் 308 பேர்

சென்னையில் "ஸ்கார்ப்" என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1984-ல் அதைத் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநோய் டாக்டர் என்று பெயர் பெற்றவர். கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவர். 2021-ல் காலமானார்.

இந்த நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் தாரா, டாக்டர் பத்மாவதி முதலியவர்கள் மெக்கிரீடியோடு சேர்ந்து கணக்கெடுத்தார்கள். 1996-ல் முடிவு வெளியானது.

மொத்தம் 308 பேர். அவர்களை நாலு கூட்டமாகப் பிரித்தார்கள்.

முதல் கூட்டத்தில் மனநோய் இல்லாத சாதாரண மனிதர்கள் 101 பேர். சராசரி வயது 63.

இரண்டாவது கூட்டத்தில் நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவினர் 103 பேர். அவர்களுக்கும் சராசரி வயது 63. நோய் இல்லாத இவர்களை ஏன் சேர்த்தார்கள்? அசைவு குடும்ப வழியில் வருகிறதா என்று பார்க்க.

மூன்றாவது கூட்டம்தான் முக்கியம். மனச்சிதைவு நோய் உண்டு. மருந்து ஒரு நாளும் சாப்பிட்டது இல்லை. 21 பேர். சராசரி வயது 65.

நாலாவது, மருந்து சாப்பிட்டு வந்த நோயாளிகள் 83 பேர். சராசரி வயது 57.

எல்லோரையும் ஒரே விதமாகச் சோதித்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள்.

முடிவு என்ன?

தானாக வரும் அசைவு, சாதாரண மனிதர்களிலேயே 100-க்கு 15 பேருக்கு இருந்தது! உறவினர்களிலும் 100-க்கு 15. மருந்து சாப்பிடாத நோயாளிகளில் 100-க்கு 38. அதாவது 21 பேரில் 8 பேர். மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 41.

38-க்கும் 41-க்கும் வித்தியாசம் எவ்வளவு? மிகக் கொஞ்சம்!

பார்க்கின்சன் சாயலான நடுக்கமும் விறைப்பும் எப்படி இருந்தது? சாதாரண மனிதர்களில் 100-க்கு 6 பேர். உறவினர்களில் 11. மருந்து சாப்பிடாத நோயாளிகளில் 24. சாப்பிட்டவர்களில் 36.

"முதிய மனச்சிதைவு நோயாளிகளுக்கு வரும் வாய் அசைவு, அந்த நோயின் ஒரு பகுதியே; மருந்தினால் வந்தது என்று சொல்வதற்கு இல்லை" என்று ஆராய்ச்சி செய்தவர்கள் முடிவு கட்டினார்கள்.

அவசரப்படக் கூடாது!

இதைப் படித்ததும், "மருந்துக்கும் அசைவுக்கும் சம்பந்தமே இல்லை" என்று துள்ளிக் குதிக்கக் கூடாது.

21 பேர் என்பது சிறிய கூட்டம். இரண்டு பேர் கூடினாலோ குறைந்தாலோ கணக்கே மாறிவிடும். வயதும் ஒன்று அல்ல. மருந்து சாப்பிடாதவர்களுக்கு 65, சாப்பிட்டவர்களுக்கு 57. வயது ஏறினால் அசைவும் ஏறும் என்று பார்த்தோம். 57 வயதுக்காரர்களுக்கே 41 என்றால், அதில் மருந்தின் பங்கும் கொஞ்சம் இருக்கலாம் அல்லவா? நடுக்கக் கணக்கிலோ மருந்தின் பங்கு வெளிப்படையாகவே தெரிகிறது.

மருந்து சாப்பிடாதவர்களை அதே டாக்டர்கள் 18 மாதம் இடைவெளி விட்டு மறுபடியும் சோதித்தார்கள். முன்பு அசைவு இருந்த சிலருக்கு இப்போது இல்லை. முன்பு இல்லாத சிலருக்கு இப்போது வந்திருந்தது. ஒரு தடவை எண்ணியது போதாது என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

மருந்துக்குப் பங்கு உண்டு என்பதற்குப் பெரிய சாட்சி 2017-ல் வந்தது. 41 ஆராய்ச்சிகள், 11,493 நோயாளிகள். எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மொத்தத்தில் 100-க்கு 25 பேருக்கு அசைவு இருந்தது. பழைய மருந்து சாப்பிட்டவர்களில் 30. புதிய மருந்து சாப்பிட்டவர்களில் 21. பழைய மருந்தை ஒரு நாளும் தொடாமல், தொடக்கத்தில் இருந்தே புதிய மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 7 பேர்தான்!

நோய் மட்டுமே காரணம் என்றால், மருந்து மாறினால் கணக்கு ஏன் இப்படி மாற வேண்டும்?

ஆக, குற்றவாளி ஒருவர் அல்ல, மூன்று பேர். நோய், மருந்து, வயது. ஒவ்வொரு நோயாளியிடமும் இந்த மூன்றில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் டாக்டரின் வேலை. கணக்கு வழி காட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு எதனால் வந்தது என்பதை அது சொல்லாது.

வாந்தி மாத்திரையும் உண்டு

மனநோயாளிகளுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம்.

வாந்திக்குக் கொடுக்கும் "மெட்டோகுளோபிரமைடு" மாத்திரையும் மூளையில் அதே மடையைத்தான் அடைக்கிறது. அதை 12 வாரத்துக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று 2009-ல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து இலாகா கடுமையாக எச்சரித்தது. தலைச்சுற்றலுக்குச் சாப்பிடும் "சின்னரிசின்" மாத்திரையாலும் வயதானவர்களுக்குக் கை நடுக்கம் வரலாம். "பாட்டிக்குத் தலைசுற்றல்" என்று மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுத்துவிட்டு, "பாட்டிக்கு நடுக்குவாதம் வந்துவிட்டது" என்று இன்னொரு மாத்திரை கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன! பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

முதலாவது: மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. திடீர் என்று நிறுத்தினால் நோயும் திரும்பும், அசைவும் கூடும்.

அசைவு எப்போது தொடங்கியது, எந்த மருந்து மாற்றியபோது தொடங்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லலாம். தனக்கு வாய் அசைவது பல சமயம் நோயாளிக்குத் தெரியாது. கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சாப்பிடும்போது சோறு சிந்துகிறதா, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார். அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை, வாய் அசைவுக்கு உதவாது. சில சமயம் அசைவைக் கூட்டியும் விடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கக் கூடாது. இந்த வாய் அசைவுக்கு என்றே இரண்டு மருந்துகளை 2017-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அவை அசைவைக் குறைக்கின்றன. எல்லோருக்கும் முழுக்குணம் தருவது இல்லை.

இன்னொன்றும் உண்டு. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் அம்மாளைப் பார்த்து, "இலை போடுவதற்கு முன்பே மெல்லத் தொடங்கிவிட்டாளே!" என்று சிரிக்கிறார்கள். அடுத்த கல்யாணத்துக்கு அவள் வருவது இல்லை. பிறகு கிளினிக்குக்கும் வருவது இல்லை. மாத்திரை நின்றுபோகிறது. ஒரு சிரிப்பினால் வருகிற கேடு இது.

"நாலு அடி நடந்து வாங்க"

மறுபடியும் அந்த அம்மாள். மகன் கையைப் பிடித்து அழைத்து வருகிறான்.

"அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்திவிடலாமா அய்யா? வாய் ஆடிக்கொண்டே இருக்கிறது" என்று கேட்கிறான்.

"நிறுத்த வேண்டாம் தம்பி. முதலில் பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். "அம்மா, வாயில் வெற்றிலை இருக்கிறதா?"

"இல்லீங்க. அதை விட்டு வெகு நாள் ஆச்சு."

"நாக்கை நீட்டுங்க. சரி. விரலைத் தொடுங்க. சரி. எழுந்து, நாலு அடி நடந்து வாங்க."

அம்மாள் நடந்து வருகிறாள். டாக்டர் தாளில் குறிக்கிறார். உதடு 2. தாடை 2. நாக்கு 1. கை 0. தேதியைப் போடுகிறார். மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுக்கிறார்.

"நாலு வாரம் கழித்து அம்மாவை மறுபடி அழைத்து வா. இதே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கலாம்" என்கிறார்.

மகன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.